பெயரறிந்து பருகுக

(ஊர்த் தமிழ் மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியன் மூலிகையைப் பற்றிப் பேச எழுந்தது ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவன் அல்லேன், நாடி பார்த்தறியேன். ஆயினும் மருந்துச் செடி நம்மிடம் முதலில் பெயராகவே வந்து சேர்கின்றது. பாட்டி பேரனுக்குச் சொன்னதும் பெயர்; மருத்துவர் ஓலையில் எழுதியதும் பெயர்; கடைக்காரர் பொட்டலத்தின்மேல் குறிப்பதும் பெயர். சொல்லைக் காப்பது தமிழாசிரியன் தொழில். அச்சொல் மருந்தின் பெயராயின், அதைக் காப்பது உயிரைக் காப்பதும் ஆகும். இதுவே இன்று நான் சொல்லவந்த செய்தி. சிறுநீர்த் தொடர்பான நோய்களுக்கு நாம் வழங்கும் மூலிகைகளைக் கொண்டு இதனை விளக்குவேன். கோடை மிகுந்த நம் நாட்டில் இந்நோய்கள் மிகுதி. இவற்றுக்கு வீட்டு மருந்து உண்பாரும் மிகுதி.

நோயின் பெயர்

நீர்நோய்கள் எல்லாவற்றையும் நம் மொழி ஒரே பெயரால் அழைத்ததில்லை. எரிந்து கடுத்து இறங்கினால் நீர்க்கடுப்பு. அளவு குறைந்து இறங்கினால் நீர்ச்சுருக்கு. அறவே இறங்காது தடைப்பட்டால் நீரடைப்பு. கல் திரண்டு தடுத்தால் கல்லடைப்பு. இனிமை கலந்து மிகுதியாய்க் கழிந்தால் நீரிழிவு. ஐந்து பெயர்கள், ஐந்து நிலைகள். இவ்வாறு பிரித்துப் பெயரிட்டவர்கள் உற்றுநோக்கத் தெரிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. நோய் இன்னதென்று தெளிந்து, அதன் கரணியத்தை ஆய்ந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து, நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணியே மருத்துவம் செய்யவேண்டும் என்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் முறை வகுத்துள்ளார். மருந்தின் பெயரைக் கேட்டவுடன் வாங்கிக் குடி என்று அவர் யாண்டும் கூறவில்லை.

நீர்க்கடுப்பு என்னும் ஒரு பெயருக்குள்ளேயே இருவேறு கரணியங்கள் அடங்கியுள்ளன. வெயிலில் உழைத்து, வியர்த்து, தண்ணீர் குடியாதிருந்தால் சிறுநீர் செறிவுற்று எரியும். இது நீர்க்குறை. நம் சிற்றூர்களில் இதற்குக் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவி, நீர்மோரும் இளநீரும் தருவர். சுண்ணாம்பு என்ன செய்ததோ, மோரும் நீரும் தம் வேலையைச் செய்துவிடும், கடுப்புத் தணியும்.

மற்றொன்று நுண்ணுயிர் புகுந்து உண்டாவது. குடலில் வாழும் நுண்ணுயிர் சிறுநீர்த் தாரை வழியே ஏறிப் பையை அடைந்து அங்கே பெருகும். பெண்டிர்க்கு அத்தாரை ஏறத்தாழ 4 செண்டிமீட்டரே. ஆடவர்க்கு 20 செண்டிமீட்டர் அளவு. பெண்டிர்க்கு இந்நோய் மிகுந்து வரக் கரணியம் இதுவே. பையில் நின்ற நுண்ணுயிர் மேலேறிச் சிறுநீரகத்தைப் பற்றினால் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். விலாவும் முதுகும் நோகும். குருதியில் கலந்தால் உயிருக்கே இறுதியாகலாம். முதற் கடுப்புக்கு மோர் போதும். இரண்டாம் கடுப்புக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேண்டப்படும். பெயர் ஒன்றாயிருப்பதால் மருந்தும் ஒன்றே என்று கொள்வார் ஏமாறுவர்.

நம் மூலிகைகள்

இனி மூலிகைகளுக்கு வருவோம். நீர்நோய்க்கு நம்மவர் கண்டவற்றுள் தலையாயது சிறுபீளை. பொங்கலையொட்டிக் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் ஆவிரம்பூவோடும் சேர்த்துக் கூரையில் செருகுகின்றோமே, அந்த வெண்பூச் செடிதான். சிறுபூளை என்பதே இதன் பழவடிவம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் பூளையும் ஒன்று. பூளை என்பது பஞ்சுபோன்ற மென்மயிர் உடையதைக் குறிக்கும். செடிநூலார் இதற்கு வழங்கும் இலத்தீன் பெயர் ஏர்வா இலனாட்டா. இலனாட்டா என்பதற்கும் மென்மயிர் அடர்ந்தது என்பதே பொருள். கடல் கடந்து வாழ்ந்த இருவேறு மாந்தர் ஒரு செடியின் ஒரே தன்மையைக் கண்டு பெயரிட்டுள்ளனர்!

அடுத்தது நெருஞ்சில். பூவைக் கண்டு மகிழ்ந்தவர்க்குப் பின்னர் முள்ளைத் தருவது இச்செடி. அதனை, முன்பு இனியவனாயிருந்து பின்பு துன்பம் தரும் தலைவனுக்கு உவமையாக்கிக் குறுந்தொகையில் பாடினார் அள்ளூர் நன்முல்லையார். மூலிகைகள் எல்லாவற்றுக்குமே அவ்வுவமை பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்பீர்கள். இவையன்றி நீர்முள்ளி, மூக்கிரட்டை, கீழாநெல்லி, மாவிலங்கம், வாழைத்தண்டு, வெள்ளரி விதை, முள்ளங்கி ஆகியனவும் நீர் பெருக்கவும் கல் கரைக்கவும் வழங்கப்படுவன.

இவற்றுக்குப் பயன் உண்டா? உண்டு என்பதற்குச் சில சான்றுகள் இருக்கின்றன. வாழைத்தண்டுச் சாற்றையும் மாவிலங்கப் பட்டையையும் எலிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில், கல்லுக்கு அடிப்படையான ஆக்சலேட்டு உப்பு குறைந்தது. கீழாநெல்லி இனச் செடியைப் பிரேசில் நாட்டு மக்களும் கல்லுடைப்பான் என்று பொருள்படும் பெயராலேயே அழைத்துக் கல்லடைப்புக்குக் குடிக்கின்றனர்; அங்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் எலிக்குப் பொருந்தியது மாந்தர்க்கும் அவ்வாறே பொருந்தும் என்று அறுதியிட முடியாது. பெருந்தொகையான மாந்தரை வைத்து முறையாக நடத்திய ஆய்வுகள் மிகச் சிலவே.

இன்னொன்றையும் நடுநிலையோடு எண்ணவேண்டும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களுள் பெரும்பாலானவை எம்மருந்தும் இன்றித் தாமாகவே நீரோடு வெளியேறிவிடும். அந்நாள்களில் யாரேனும் ஏதேனும் சாறு குடித்திருந்தால் பெருமை சாற்றுக்குச் சேர்ந்துவிடுகின்றது. சாறு குடித்தும் கல் வெளியேறாதவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகலின் செவிவழிச் செய்தி சான்றாகாது.

பெயர் மயக்கம் தரும் பேரிடர்

இப்பொழுது என் துறைக்கு வருகின்றேன். வடமொழி மருத்துவ நூல்களில் பாசாணபேதம் என்றொரு மருந்து பேசப்படும். கல்லைப் பிளப்பது என்பது அதன் பொருள். அஃது எந்தச் செடி? இமயமலைப் பகுதியில் கேட்டால் பாறையிடுக்கில் வளரும் பெர்சீனியா என்னும் செடியின் கிழங்கைக் காட்டுவர். கேரளத்தில் கேட்டால் ஆற்றங்கரைக் கல்லூர்வஞ்சியைக் காட்டுவர். வேறு சில இடங்களில் கற்பூரவள்ளி இனத்தைக் காட்டுவர். நம் பக்கத்தில் சிறுபீளையைத் தருவர். ஒரே பெயர்; நான்கு செடிகள்; நான்கு வேறு தன்மைகள்! செயலைக் கொண்டு இட்ட பெயர் செடியை அடையாளம் காட்டாது. சிறுபூளை என்று உருவைக் கொண்டு தமிழன் இட்ட பெயரோ கண்ணுள்ளவர் எவர்க்கும் செடியைக் காட்டிவிடும். நம் பெயர்களைத் தள்ளிவிட்டு அயற்பெயர்களைப் பொட்டலத்தில் எழுதுவதால் வரும் கேடு மொழிக்கேடு மட்டும் அன்று என்பது இதனால் விளங்கும்.

இதைக் கேட்டு நாம் கைதட்டிக்கொண்டு போய்விட முடியாது. நம் வீட்டிலும் இம்மயக்கம் உண்டு. கல்லுருக்கி என்பது கல்லடைப்புக்கு வழங்கும் ஒரு செடி. சருக்கரைவேம்பு என்பதும் அதுவே. கல்லுருவி என்பது வேறு. நீர்மேல்நெருப்பு என்னும் மறுபெயர் உடையது. அதன் இலையை அரைத்துத் தோலில் வைத்தால் கொப்புளம் எழும். கல்லுருக்கி, கல்லுருவி - ஒலியில் எவ்வளவு சிறிய வேறுபாடு! ஒன்று கல்லுக்கு மருந்து. மற்றொன்று தோலைப் பொத்துவது. எழுதுவோன் கை தவறினாலும், கேட்போன் காது தவறினாலும் என்ன ஆகும்? கீழாநெல்லியிலும் இத்தகைய குழப்பம் உண்டு. தென்னாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லியை ஆய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை, அதில் அவ்வினத்தின் வேறு செடிகளும் கலந்திருந்தமையைக் காட்டியது.

பெயர் மயக்கம் எவ்வளவு கொடிய விளைவைத் தரும் என்பதை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி பெல்சிய நாட்டில் நடந்தது. அந்நாட்டுத் தலைநகர் பிரசல்சில், உடல் மெலிவதற்கு மருந்து தரும் ஒரு மருத்துவ இல்லத்தில் 1990-ஆம் ஆண்டு முதல் சீன மூலிகைகளைச் சேர்த்துக் கொடுத்தனர். சில ஆண்டுகளுக்குள் இளம் பெண்டிர் பலர்க்குச் சிறுநீரகங்கள் சுருங்கிப் பாழாயின. 1993-இல் மருத்துவர்கள் இதனை வெளியிட்டனர். பின்னர்ப் பாதிப்புற்றோர் தொகை நூற்றைக் கடந்தது. கரணியம் என்ன? பாங்சி என்று முடியும் பெயருடைய செடிகள் சீனத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை. தீங்கற்ற ஒன்றின் இடத்தில், அரிசுட்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த நச்சுச் செடி புகுந்துவிட்டது! கேடு அத்தோடும் நிற்கவில்லை. சிறுநீரகம் இழந்தவருள் 39 பேர்க்குச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழலையும் அறுத்தெடுத்து நோக்கியபோது, 18 பேர்க்கு அங்கே புற்றுநோய் இருந்ததாக 2000-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அரிசுட்டோலோக்கியா இனச் செடிகள் கலந்த மருந்துகள் மாந்தர்க்குப் புற்றுநோய் தருவன என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2002-இல் உறுதி செய்தது.

இது சீனச் செடிதானே என்று இருந்துவிடாதீர்கள். அதே இனத்தைச் சேர்ந்தவை நம் நாட்டு ஆடுதீண்டாப்பாளையும், ஈசுவரமூலி என்றும் பெருமருந்துக்கொடி என்றும் வழங்கும் கொடியும்! பூச்சிக்கும் நஞ்சுக்கும் தோல்நோய்க்கும் இவற்றை உள்ளுக்குத் தரும் வழக்கம் நம்மிடம் இருந்துவருகின்றது. ஆடும் தீண்டாது என்று பெயரிலேயே எச்சரித்து வைத்தான் நம் முன்னோன். அப்பெயரைப் படிக்கத் தெரிந்த நாம் அவ்வெச்சரிக்கையைக் கேட்க வேண்டாவா? பெருமருந்து என்று பெயர் பெற்றாலும் இக்கொடியை இனி உள்மருந்தாகக் கொள்ளலாகாது. புதிய அறிவு வந்தபின் பழைய வழக்கத்தைத் திருத்துவதே அறிவுடைமை.

அளவின் இன்றியமையாமை

பெயர் சரியாயிருந்தால் போதுமா? போதாது. அளவு வேண்டும். 2010-ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு மருத்துவர்கள் ஒரு நிகழ்ச்சியை வெளியிட்டனர். நல்லுடல் கொண்ட ஓர் இளைஞர், சிறுநீரகத்தில் கல் வாராமல் தடுக்க நெருஞ்சில் வடிநீரை நாளொன்றுக்கு 2 இலிட்டர் வீதம் இரண்டு நாள் குடித்தார். வலிப்பு வந்து மருத்துவமனை சேர்ந்தார். ஈரலும் சிறுநீரகமும் கடுமையாகத் தாக்குண்டிருந்தன. நாம் நாளும் காலால் மிதித்துச் செல்லும் அதே நெருஞ்சில்தான்! நம் பழைய மருத்துவர் இத்தனை பங்கு நீர்விட்டு எட்டிலொன்றாய் வற்றக் காய்ச்சி, இவ்வளவே, இத்தனை நாளே என்று வரம்பு கட்டித் தந்தார். அவ்வரம்பை விட்டுவிட்டு மூலிகையை மட்டும் பிடித்துக்கொள்வது மருத்துவத்தின் தோலை வைத்துக்கொண்டு சுளையை எறிவதாகும்.

கேரளத்தில் இலும்பன்புளி என்று வழங்கும் பிலிம்பிக்காயைச் சமையலில் சிறிது சேர்ப்பர். அதனால் பெருங்கேடு இல்லை. குருதிக் கொழுப்புக் குறையும் என்று அதையே செறிவான சாறாக்கிக் குடித்த பத்துப் பேர்க்குச் சிறுநீரகம் திடுமெனச் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் எழுதினர். அவருள் எழுவர்க்குக் குருதித் தூய்மிப்புக் கருவி தேவைப்பட்டது. நல்வாய்ப்பாக அனைவரும் நலம் பெற்றனர். அக்காயில் மிகுந்துள்ள ஆக்சலேட்டு சிறுநீரகத்தில் படிந்ததே கரணியம். உணவாகக் கொள்ளும்போது நன்று. சாறாகப் பிழிந்து செறிவாக்கும்போது நஞ்சு.

ஆளுக்குத் தக்கபடியும் அளவு மாறும். இளநீர் நல்லுடம்புக்கு இனியது. ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் அது வெளியேறாது தங்கி நெஞ்சத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். தமரத்தங்காயும் அவ்வாறே, சிறுநீரகம் கெட்டவர் உண்டால் தீராத விக்கலும் மனக்குழப்பமும் வந்து சாவும் நேர்ந்துள்ளது. சிறுநீரகத்துக்கு நல்லது என்று பிறர் சொல்லும் பொருளே, சிறுநீரகம் கெட்டவர்க்குக் கூற்றாக மாறுகின்றது. நீரிழிவுக்கும் குருதிக் கொதிப்புக்கும் நாளும் மாத்திரை உண்பவர், மூலிகையும் சேர்த்துண்டால் அதை மறையாது மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

மூலிகையோடு பற்பம், செந்தூரம் முதலிய கனிமப்பொருள் மருந்துகளும் இந்நோய்க்கு விற்கப்படுகின்றன. அமெரிக்காவின் பாசுட்டன் நகர்ப் பகுதிக் கடைகளில் வாங்கிய ஆயுர்வேத மருந்துகள் 70-ஐ ஆய்ந்து 2004-இல் வெளியிட்டனர். அவற்றுள் 14-இல் காரீயம், இதளியம், சவ்வீரம் ஆகிய நச்சுப் பொருள்களுள் ஒன்றோ பலவோ இருந்தன. இதளியம் நேரே சிறுநீரகத்தைத் தாக்குவது. உரிமம் பெற்ற மருந்தகம் செய்து, தகுதிபெற்ற மருத்துவர் எழுதித் தந்தாலன்றி இத்தகையவற்றை வாயில் வைத்தல் கூடாது. கல்லடைப்பைத் தீர்ப்பதாக மக்களிடையே விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கின்றது. ஆதலின் ஒரே கிழமையில் கல் கரையும் என்று சுவரொட்டி ஒட்டுபவன் மருத்துவனல்லன் என்று அறிக.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

"தமிழ் மருத்துவத்தின் குறையை நாமே மேடையில் சொல்லலாமா? பிறர் நம்மைப் பழிக்க அது வழியாகாதா?" என்று நம்மவருள் ஒருவர் கேட்கக்கூடும். அன்பர்களே! தமிழ் நம் தாய். தாயின் மருந்துப் பெட்டியில் காலம் கடந்த ஒரு குப்பி இருந்தால், தாய்மேல் அன்புள்ள மகன் அதை எடுத்தெறிவானா, தாய் வைத்தது என்று தன் குழந்தைக்கு ஊட்டுவானா? நம் மருத்துவம் தமிழ் என்பதால் மட்டும் நன்மருந்து ஆகிவிடாது. நலம் தருவதால்தான் நன்மருந்து ஆகும். மெய்யை மறைத்துக் காக்கும் பெருமை நெடுநாள் நில்லாது. ஆய்ந்து, கழிப்பதைக் கழித்து, கொள்வதைக் கொண்டால், எஞ்சி நிற்பது எவராலும் அசைக்கவொண்ணாத பெருமையாக இருக்கும். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கின்றது. தாம்பரத்தில் 2005 முதல் நடுவணரசின் சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகின்றது. முறையாகக் கற்ற சித்த மருத்துவர் அங்கெல்லாம் இருக்கின்றனர். கேட்டறிவதற்கு அவர்களை விட்டு, செவிவழிச் செய்திக்கு ஏன் ஓடவேண்டும்?

எப்பொழுது வீட்டு மருந்தை நிறுத்தவேண்டும்

தாய்மார்கள் இதனை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவிலோ முதுகிலோ கடுநோவு, சிறுநீரில் குருதி, ஓயாத கக்கல், நீர் அறவே இறங்காமை - இவற்றுள் ஒன்று தோன்றினும் அடுப்பில் குடிநீர் காய்ச்சிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சூலுற்ற பெண்டிர், சிறுகுழந்தைகள், நீரிழிவுடையார், ஒற்றைச் சிறுநீரகம் உடையார் ஆகியோர்க்குச் சிறு கடுப்பே ஆயினும் வீட்டு மருந்து வேண்டா. ஆடவர்க்கு வரும் நீர்க்கடுப்பும் ஆய்ந்து பார்க்கத் தக்கதே. நுண்ணுயிர்க்கொல்லி தந்தால் சொன்ன நாள்வரை உண்ணுங்கள். கடுப்பு நின்றதும் இடையில் நிறுத்தாதீர்கள்.

எல்லார்க்கும் ஏற்ற மருந்து ஒன்று உண்டு, அது தண்ணீர். மீண்டும் மீண்டும் நீர்க்கடுப்பு வந்து, குறைவாகவே நீர் பருகிவந்த பெண்டிர் 140 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நாளும் 1.5 இலிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் செய்தனர். ஓராண்டில் அவர்க்கு நோய் வந்த தடவைகள் மற்றவரினும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இவ்வாய்வு 2018-இல் வெளிவந்தது. கல் வாராமல் தடுக்கவும் நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை இலிட்டர் சிறுநீர் கழியுமளவு நீர் பருகச் சொல்கின்றனர். நெஞ்சமும் சிறுநீரகமும் தளர்ந்து, நீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்க்கு மட்டும் இது பொருந்தாது.

ஆனால் நம் பள்ளிப் பெண்பிள்ளைகள் பலர் காலைமுதல் மாலைவரை தண்ணீரே குடிப்பதில்லை. ஏன்? கழிப்பறை தூய்மையாக இல்லை. ஆகவே போகாமல் இருக்கும்பொருட்டுக் குடியாமல் இருக்கின்றனர். இதை என் கண்ணால் பல ஆண்டுகளாகக் கண்டுவருகின்றேன். அப்பிள்ளைகள்தாம் நீர்க்கடுப்புக்கு ஆளாகின்றனர். சிறுபீளையின் சிறப்பைப் பேசும் ஊர், பள்ளிக் கழிப்பறைக்கு ஒரு குழாயும் ஒரு தாழ்ப்பாளும் போட்டுத் தந்தால் அது நூறு மூலிகைக்கு நிகராகும்.

நம் கடமை

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் மன்றத்து இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் வழங்கும் மூலிகைகளுள் பத்தின் பெயரை எழுதுங்கள். முதியோரிடம் கேட்டு, அச்செடியின் வேர், இலை, பூ, காய் ஆகியவற்றைப் பார்த்து, உலர்த்தித் தாளில் ஒட்டி, அவ்வூர்ப் பெயரையும் பிறவூர்ப் பெயர்களையும் குறியுங்கள். பக்கத்தில் செடிநூலாரின் இலத்தீன் இரட்டைப் பெயரையும் தமிழெழுத்தில் எழுதுங்கள். தனித்தமிழ் பேசும் நான் இலத்தீனை எழுதச் சொல்வதா என்று வியவாதீர்கள். வீட்டுக்கு நாம் வைத்த பெயர் தமிழாகத்தான் இருக்கும். ஆயினும் அஞ்சல்காரர்க்குக் கதவெண்ணும் வேண்டுமன்றோ? அப்பெயர் கதவெண் போன்றது. நம் பெயர் செடியின் உருவையும் உறவையும் சொல்லும். அப்பெயர் இன்னது இதுவே என்று மயக்கம் அறுக்கும். இரண்டும் சேர்ந்து நின்றால் கல்லுருக்கி கேட்டவனுக்குக் கல்லுருவி போய்ச் சேராது.

என் வகுப்பில் ஒருநாள் சிறுபீளைக் கொத்து ஒன்றைக் காட்டிப் பெயர் கேட்டேன். பொங்கல் பூ என்றனர் சிலர். பெயர் தெரியாது என்றனர் பலர். செடி ஊரெல்லாம் நிற்கின்றது, பெயர்தான் மறைந்துகொண்டிருக்கின்றது. பெயர் மறைந்தபின் செடி வெறும் களை. அதைப் பெயர் மாற்றி விற்பவன் சொன்னதே மருந்து. அந்நிலை வாராமல் காப்போம். பெயரை அறிவோம், அளவை அறிவோம், நோயை அறிவோம், அதன்பின் பருகுவோம்.